வளைவுகள் நிமிர்ந்த வண்டி

கடம்பமலையின் பாதைக்கு இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள் உண்டென்று நெடுஞ்சாலைத் துறையின் கற்கள் சொல்கின்றன. மஞ்சள் பூசி, கறுப்பில் எண் எழுதிய அந்தக் கற்கள் இன்றும் வளைவுக்கு ஒன்றாக நிற்கின்றன. பேருந்தில் போகிறவர்கள் அவற்றை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டும், எண்ணுகிற நிலையில் இல்லாதவர்கள் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டும் போகிறார்கள். ஆனால் சடையப்பனுடைய பிக்கப் வண்டியில் ஏறினவர்களுக்கு அந்த மலையில் ஒரு வளைவுகூட இல்லை. அடிவாரத்துச் சந்தைப்பேட்டையிலிருந்து உச்சியிலுள்ள கடம்பக்காடு வரைக்கும் வகிடு எடுத்தாற்போல ஒரே நேர்கோடு. இதைக் கேட்டு வெளியூரார் சிரிப்பதுண்டு. கடம்பக்காட்டார் சிரிப்பதில்லை, அவர்களில் சிரிக்க விரும்பியவர்களும் ஒருமுறை அந்த வண்டியில் உட்கார்ந்து போய் வந்தபின் தத்தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

சடையப்பனுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. நான்கு சக்கரமும் இழுக்கிற அவருடைய வண்டி, தார்ச்சாலை முடிகிற இடத்தில் மற்ற வண்டிகளெல்லாம் திரும்பிப் போனபிறகு, அங்கிருந்து பிரிகிற கல்தடங்களில் ஏறி, பலாவையும் மிளகையும் காப்பிக்கொட்டையையும் தோட்டத்து வாசலிலேயே அள்ளிக்கொண்டு வரும். அந்த ஆண்டு கார்த்திகை மழை கல்தடத்து மண்ணையெல்லாம் வழித்துக்கொண்டு போய் மலையின் எலும்பை மட்டும் விட்டுவைத்தது. வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறினால் போதும், முன்சக்கரங்கள் இரண்டும் மாறிமாறி உதறத் தொடங்கும். அந்த உதறல் ஸ்டீயரிங் வழியாக ஏறி, மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று படிப்படியாக வந்து, பல்லில் போய் முடியும். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தால் கை தட்டிலே தாளம் போடும்.

"சோத்த அள்ளுறியா, சல்லடையில சலிக்கிறியா?" என்று கேட்டாள் அவர் மனைவி வெள்ளையம்மா. "அந்த வண்டிய ஒண்ணு பாரு, இல்ல, நான் ஊட்டி விடுறேன். ஊரு சிரிக்கட்டும்."

ஊர் சிரிப்பதைச் சடையப்பன் விரும்பாதவர் ஆகையால், மறுநாளே சந்தைப்பேட்டைக்கு இறங்கி, மெக்கானிக் இப்ராம்சாவின் பட்டறையில் வண்டியை விட்டார்.

இப்ராம்சா வண்டிக்கடியில் படுத்தபடியே பேசுகிறவர். எதிரே நின்று அவர் பேசிக் கேட்டவர்கள் குறைவு. "டேம்பர் செத்துப்போச்சுண்ணே," என்று அடியிலிருந்து குரல் வந்தது. "உள்ள இருந்த எண்ணெய முச்சூடும் வெளிய அழுதுட்டு, வெறுங்கொழாயாக் கெடக்கு. இத வச்சுக்கிட்டா இத்தன நாளா மலையேறுனீங்க?"

"வண்டி ஏறுச்சு பாய். நான் சும்மா புடிச்சுக்கிட்டிருந்தேன்."

ஸ்டீயரிங் டேம்பர் என்பது முன்சக்கரங்களை இணைக்கிற கம்பியோடு குறுக்கே படுத்திருக்கும் ஓர் எண்ணெய்க் குழல். சக்கரம் துள்ளினால் அந்தத் துள்ளலைத் தான் விழுங்கிக்கொண்டு, ஓட்டுகிறவன் கைக்கு வராமல் காப்பது அதன் தொழில். சடையப்பன் வண்டிக்குரிய அளவில் பட்டறையில் ஒன்றும் இல்லை. ஏலத்தில் வந்த ஏதோவொரு பெரிய வண்டியிலிருந்து கழற்றியது என்று, முழங்கைத் தடிமனில் ஒரு குழல் மட்டும் மூலையில் சாக்குக்கடியில் கிடந்தது. அதன்மேல் கம்பெனியின் பேரும் இல்லை, எண்ணும் இல்லை.

"இது ஒங்க வண்டிக்கு நாலு சைஸ் மேலண்ணே. ஆனா போட்டா, அப்புறம் கையில ஒரு உதறலும் வராது."

"அப்ப அதையே போடு."

இப்ராம்சா தகடு வெட்டிப் புதிதாக ஒரு பிராக்கெட் அடித்து, போல்ட்டுகளை முறுக்கி, "ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுக் காட்டுங்க, எங்கயும் இடிக்கக் கூடாது," என்றார். சடையப்பன் இடமும் வலமும் ஒடித்துக் காட்டினார். எங்கும் இடிக்கவில்லை. ஸ்டீயரிங், வெண்ணெயில் கத்தி போனாற்போலப் போய் வந்தது. பட்டறையில் நடந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் அந்தக் குழலைப் பற்றித் தெரிந்தவர் ஒருவருமில்லை, விசாரித்தவரும் இல்லை.

அன்று மாலை, சந்தைக்கு வந்திருந்த நான்கு பெண்கள் காலிக் கூடைகளோடு பின்னால் ஏறிக்கொண்டார்கள். முதல் வளைவு வருகிற இடத்தில் சடையப்பன் வழக்கம்போல ஹாரனை அடித்து, வழக்கம்போல ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடிக்கப் போனார். அது திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை என்று அவர் பார்த்தபோது, திரும்புவதற்கு அங்கே ஒன்றுமில்லை என்பது தெரிந்தது. பாதை நேராக, மெல்ல உயர்ந்து, இருபுறமும் வெண்ணிற மஞ்சு கட்டியிருக்க, நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் திடுக்கிடவில்லை, ஓட்டுகிறவன் திடுக்கிட்டால் வண்டியும் திடுக்கிடும் என்பதை முப்பத்தாறு ஆண்டுகளாக அறிந்தவர். இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாற்றினார். அந்த மலையில் மூன்றாம் கியரைத் தொட்டது அதுவே முதல்முறை. ஒருமணி நேரப் பாதை பதினொரு நிமிடத்தில் முடிந்து, கடம்பக்காட்டார் கூடுகிற மந்தைவெளி எதிரே வண்டி வந்து நின்றது.

பெண்கள் இறங்கினார்கள். "ஏன் மாமா, இன்னிக்கு எனக்கு வாந்தியே வரல?" என்று கேட்டாள் ஒருத்தி. "வளைவு இல்லையில்ல, எப்படி வரும்?" என்று மற்றொருத்தி சொல்ல, அது நியாயமாகப் படவே நால்வரும் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சடையப்பன் மட்டும் வண்டியை விட்டிறங்காமல், இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கைகள் நடுங்கவில்லை. அவருடைய உள்ளத்தில் ஓடியது ஒன்றே: வளைவு இல்லையென்றால் ஒன்பதாம் வளைவும் இல்லை.

ஒன்பதாம் வளைவில் அவருடைய ஒரே மகள் தவமணி இருந்தாள். திருமணமாகி எட்டாண்டு கழித்துப் பிறந்தவள். பெயரே அந்தக் காத்திருப்பைச் சொல்லும். மலையில் பிறந்தவர்கள் மலைக்குள்ளேயே பெண் கொடுத்து, மலைக்குள்ளேயே எடுப்பது கடம்பக்காட்டு வழக்கம். தவமணியோ கீழ்நாட்டிலிருந்து வந்த சாலைப் பணியாளனாகிய வேதமுத்துவை, சாக்கடையில் சருகு வாரிக்கொண்டும் வளைவுக் கற்களுக்கு மஞ்சள் பூசிக்கொண்டும் திரிந்த அவனை, தானே தேர்ந்து மணந்துகொண்டாள். அன்று சடையப்பன் மந்தையில் ஊரைக் கூட்டி, "அவ வாசல என் காலு மிதிக்காது, அவ பேர என் வாயி சொல்லாது," என்று சொல்லிவிட்டார். மந்தையில் சொன்ன சொல்லை மீறினவனைக் கடம்பக்காட்டில் யாரும் தண்டிப்பதில்லை. அவன் வீட்டுக்குச் 'சொல்தின்னி வீடு' என்று பெயர் வைத்துவிடுவார்கள், அவ்வளவுதான். ஊரில் அப்படி இரண்டு வீடுகள் இருந்தன. சொல்லைத் தின்றவர்கள் இறந்து இரண்டு தலைமுறை ஆகியும், அவற்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள்களுக்குக்கூட அந்தப் பெயரே அடையாளமாக இருந்தது.

ஆனால் வளைவில் ஹாரன் அடிப்பது சட்டம். சட்டத்தை மீறச் சடையப்பன் யார்? ஒன்பதாம் வளைவில் சாலைப் பணியாளனுக்குரிய ஓட்டுவீடு பாதையை ஒட்டினாற்போல இருந்தது அவர் குற்றமன்று. ஆகவே மூன்று ஆண்டுகளாக, ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை, அவர் அங்கே ஹாரன் அடித்தார். மற்ற வளைவுகளில் குட்டையாக ஒன்று. ஒன்பதாவதில் குட்டையாக ஒன்றும், நீளமாக ஒன்றும். அது கூர்மையான வளைவு என்பது அவர் சொல்லும் காரணம். பதினேழாம் வளைவு அதைவிடக் கூர்மையானது; அங்கே ஒன்றுதான்.

அந்த நீண்ட ஹாரனுக்கு ஒரு பெண் வெளியே வருவாள். கை அசைக்க மாட்டாள், சிரிக்க மாட்டாள், வாசற்காலைப் பிடித்துக்கொண்டு, வண்டி திரும்பி மறைகிற வரையில் நிற்பாள். அவர் பாதையைத்தான் பார்ப்பார். ஆனால் கண்ணின் ஓரம் கண்ணுக்கு உட்பட்டதன்று. அது துணிக்கொடியைப் படித்துக்கொள்ளும். முதலில் ஒரு சேலையும் ஒரு காக்கிச் சட்டையும் தொங்கின. பிறகு வெள்ளைத் துணிகள், கிழித்து மடித்தவை, வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு. அன்று அவர் சந்தைப்பேட்டைக்குப் போய், எதற்கு வந்தோம் என்பதையே மறந்து, காலி வண்டியோடு திரும்பினார். பிறகு உள்ளங்கையளவுச் சட்டைகள், பிறகு பூப்போட்ட கவுன். பேத்தி என்று தெரிந்துகொண்டார். பெயர் தெரியாது. வெள்ளையம்மா செவ்வாய்தோறும் பேருந்தில் போய் மகளைப் பார்த்து வருவாள். அவள் மந்தையில் எந்தச் சொல்லும் சொல்லியிருக்கவில்லை. "பேரு வேணும்னா கேளு, சொல்றேன்," என்பாள். அவர் கேட்கவில்லை.

இப்படியாக அந்த வளைவு அவருக்குப் பேச்சாகவும் விசாரிப்பாகவும் இருந்து வந்தது. அதுதான் இப்போது நிமிர்ந்துபோயிற்று.

ஊரோ இந்த நேர்பாதையை, ஆடிக்காற்றையும் ரேஷன் கடை நேரத்தையும் ஏற்றுக்கொண்டதுபோல ஏற்றுக்கொண்டது. ஒரே வாரத்தில், எலுமிச்சம்பழம் மூக்கிலிருந்து ஊறுகாய் ஜாடிக்குத் திரும்பிற்று. பால்கேனில் குலுங்கிக் குலுங்கி மேலே திரண்டு நிற்கிற வெண்ணெய் திரளவில்லை. பால்காரர் மட்டும் அதற்காக வருந்தினார். பழுத்த பலாப்பழம் பழுத்தபடியே சந்தை சேர்ந்தது. முதுகுவலிக்காரர்களும் பிரசவத்துக்குப் போகிறவர்களும் சடையப்பன் வண்டியையே கேட்டார்கள். குறைகளும் இருந்தன. இருபத்தேழு வளைவுக்கு அளந்து கதை பேசிப் பழகினவர்கள் பதினொரு நிமிடத்தில் முடிக்க முடியாமல், மந்தையில் இறங்கி நின்று மீதியைப் பேசினார்கள். புதிதாக மணமானவர்கள், வளைவில் ஒருவர்மேல் ஒருவர் சாய்வதற்கிருந்த வாய்ப்பு போயிற்றென்று, வெளியே சொல்லாமல் பேருந்துக்கு மாறினார்கள். நெடுஞ்சாலைத் துறையிலிருந்து ஓர் அதிகாரி நாடாவோடு வந்து, வண்டியில் உட்கார்ந்து போய்ப் பார்த்து, "இத எழுதுனா என்ன எங்கயாவது தூக்கிப் போட்ருவாங்க," என்று சொல்லி, பாதைக்கு இருபத்தேழு வளைவுகள் என்றே எழுதிக்கொண்டார்; ஆனால் அதன்பிறகு ஆய்வுக்கு வரும்போதெல்லாம் சடையப்பன் வண்டியிலேயே வந்தார்.

பெரிய வழக்கு ஒன்றே ஒன்று வந்தது. பதினான்காம் வளைவில் ஒரு முனியப்பன் கோயில் உண்டு. அதைக் கடக்கிற எந்த வண்டியும் மூன்று ஹாரன் அடித்துவிட்டுத்தான் கடக்கும். வெள்ளிக்கிழமை பூசையில் முனி பூசாரிமேல் இறங்கி, "மூணு வாரமா ஒருத்தன் என் முன்னால வராமயே மலையேறுறான்டா!" என்று ஆடிற்று. ஊர்ப் பெரியதனக்காரர் செங்கோடன், எழுபது வயதானவர், சாமியிடமும் நியாயம் பேசுகிறவர், கையைக் கட்டிக்கொண்டு முன்னே வந்தார்.

"ஒன்னத் தாண்டிப் போனாத்தான குத்தம் சாமி? அவன் ஒன் முன்னால வரவே இல்லியே. வராதவன் எப்படித் தாண்டுவான்?"

முனி சற்றுநேரம் ஆடாமல் யோசித்தது. முடிவில், பேருந்து தன் மூன்றோடு சடையப்பன் பேரால் இன்னும் மூன்று ஹாரன் சேர்த்து அடிப்பதென்றும், முனிக்கு ஒரு சேவல் கூடுதலாகக் கொடுப்பதென்றும் பேசி முடித்தார்கள். கண்டக்டர் லாரன்ஸ் ஒப்புக்கொண்டார். முனி மலையேறிற்று.

சடையப்பன் மட்டும் அந்தப் பாதையோடு ஒத்துப்போகவில்லை. ஒன்பதாம் வளைவு இருந்திருக்கக்கூடிய இடம் இதுவாக இருக்கலாம் என்று கணக்கிட்டு, அங்கே வந்ததும் வேகத்தைக் குறைத்தார். ஸ்டீயரிங்கை மெல்ல ஒடித்தார், கெஞ்சினாற்போல ஒடித்தார், பல்லைக் கடித்துக்கொண்டு ஒடித்தார். அது சிமென்டில் பதித்ததுபோல நின்றது. ஒருநாள் வண்டியை நடுப்பாதையில் நிறுத்தி இறங்கி, ஓரத்து மஞ்சை உற்றுப் பார்த்தார். உலர்த்திய வெள்ளைத் துணியைப்போல அது தொங்கிக்கொண்டிருந்தது. அதில் படிப்பதற்கு ஒன்றுமில்லை. மீண்டும் ஏறி, குட்டையாக ஒன்றும் நீளமாக ஒன்றும் ஹாரன் அடித்தார். ஓசை நேராகப் போயிற்று, திரும்பி வரவில்லை. வளைவு இல்லாத இடத்தில் எதிரொலிக்குத் திரும்பும் வழி ஏது?

"யாருக்கு மாமா ஹாரன்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"குருவி குறுக்க வந்துச்சு," என்றார் சடையப்பன்.

செவ்வாய்க்கிழமை பேருந்தில் போய்த் திரும்பிய வெள்ளையம்மாவிடம், இதுவரை கேட்டிராத கேள்வியெல்லாம் கேட்கலானார்.

"பஸ்ஸு நேரத்துக்கு வருதா?"

"வருது."

"வழியெல்லாம்... சௌக்கியமா?"

வெள்ளையம்மா முறத்திலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "வழிக்கென்ன. நேத்து முழுக்க வழிக்குக் காய்ச்சல். இன்னிக்கு எந்திரிச்சு, செவுத்தப் புடிச்சுக்கிட்டு நடக்குது. ரெண்டு பல்லு வேற வந்திருக்குது வழிக்கு."

சடையப்பன் எழுந்து வெளியே போய், வண்டியின் கண்ணாடியை, ஏற்கெனவே துடைத்திருந்ததை, மீண்டும் துடைத்தார். ஒரு குழந்தை நடக்கத் தொடங்குகிறது, அது தமக்குத் தெரியாமலே நடக்கிறது என்ற எண்ணம், வண்டியின் பழைய உதறலைப்போல மணிக்கட்டில் தொடங்கித் தோள்வரை ஏறிற்று.

மறுநாள் காலையில் இப்ராம்சாவின் பட்டறைக்குப் போய், "இதக் கழட்டிட்டுப் பழைய அளவுல ஒண்ணு வாங்கிப் போடு பாய்," என்றார்.

"ஏண்ணே, உதறுதா?"

"உதறல. அதான் கழட்டச் சொல்றேன்."

இப்ராம்சா, சடையப்பன் அறிய முதல்முறையாக, வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்து, எதிரே நின்று, "பழைய சைஸ் வர நாலு நாளாகும்ணே," என்றார். அந்த நாலு நாளுக்குள் சேதி மலையேறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் தானாகவே மந்தையில் கூடிச் சடையப்பனை அழைத்தது.

"ஏன் கழட்டணும்?" என்றார் செங்கோடன்.

"கை பழகல."

"கையா பழகல, கண்ணா பழகல?"

சிலர் சிரித்தார்கள். அப்போது கூட்டத்தின் ஓரத்தில் இருந்த காளியாயி எழுந்து வந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டுதான் நிற்க முடிந்தது. ஆதலால் சிரிப்பு தானாகவே நின்றது.

"மாமா, எம்மொதப் புள்ள பத்தொம்பதாம் வளைவுல பொறந்து, பதினெட்டாம் வளைவுல செத்துப்போச்சு. அன்னிக்கு இந்தப் பாத நேரா இருந்திருந்தா, அது ஆஸ்பத்திரில பொறந்திருக்கும். ஒங்க கஷ்டம் ஒங்களுக்கு இருக்கும். நான் சொல்றதச் சொல்லிட்டேன்."

அவள் போய் உட்கார்ந்துகொண்டாள். சடையப்பன் தோள் துண்டை எடுத்து, முகத்தில் இல்லாத வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "கழட்டல," என்றார்.

ஊருக்கும் மனசு கேட்கவில்லை. அவர் எதற்காகக் கழற்ற நினைத்தார் என்பது அங்கே தெரியாதவர் ஒருவருமில்லை. தெரியும் என்பதைச் சொல்லாதிருப்பது அந்த ஊரின் மரியாதை. செங்கோடன் தொண்டையைச் செருமிக்கொண்டு, முனிக்குச் செய்த ஏற்பாட்டை ஒன்பதாம் வளைவுக்கும் செய்தால் என்ன என்று பொதுவாகக் கேட்டார். பேருந்து சடையப்பன் பேரால் குட்டையாக ஒன்றும் நீளமாக ஒன்றும் அடிக்கட்டும். சொன்ன சொல்லுக்கும் பழுதில்லை, வளைவுக்கும் குறையில்லை. எல்லாரும் நல்ல யோசனை என்றார்கள். சடையப்பனும் தலையசைத்தார்.

திங்கட்கிழமை மாலை, லாரன்ஸ் டிக்கெட் பையைத் தோளில் மாட்டியபடியே மந்தைக்கு வந்தார்.

"அடிச்சோம்ணே. ஒண்ணு குட்டையா, ஒண்ணு நீட்டா, நீங்க அடிக்கிற கணக்காவே அடிச்சோம். பொண்ணு வந்துச்சு. கையெல்லாம் மாவு, ஓடி வந்திருக்கு. பஸ்ஸப் பாத்துட்டு, யாராச்சும் எறங்குறாங்களா அண்ணான்னு கேட்டுச்சு. இல்லம்மா, ஒங்கப்பாருக்காக அடிச்சோம்னு சொன்னேன்."

"ம்."

"'அவருக்கு வேணும்னா அவரே அடிக்கட்டும். ரெண்டு மாசமா அவரு ஹாரன் கேக்காம நான் இங்க சாவுறேன், நீங்க வெளையாடுறீங்களா'ன்னுட்டு உள்ள போயிருச்சு."

செங்கோடன் கைத்தடியைத் தரையில் ஊன்றினார். "முனி ஏத்துக்கிட்டுது. ஒம்மக ஏத்துக்கல. சாமிய எப்படியும் சமாளிச்சிரலாம்டா சடையா."

இரண்டு நாள் சடையப்பன் வண்டியை எடுக்கவில்லை. மூன்றாம் நாள், வியாழக்கிழமை, காலைச்சோறு முடிந்ததும், வண்டிச் சாவியை எடுத்து, காளியாயியின் புருஷனும் வண்டியோட்டத் தெரிந்தவனுமாகிய பொன்னுரங்கத்தின் கையில் கொடுத்தார். "இன்னிக்கு லோடு ஒன்னுது. கல்லுத்தடத்துல மொத கியர் மாத்தாத," என்றார். வெள்ளையம்மாவிடம், "நடந்துட்டு வரேன்," என்றார். எங்கே என்று அவள் கேட்கவில்லை, உள்ளே போய் ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்து, பிறகு என்ன நினைத்தாளோ, அதைத் தராமலே வைத்துக்கொண்டு, "வெறுங்கையோட போ. அதான் சரி," என்றாள்.

மந்தையில் பத்துப்பேர் இருந்தார்கள். மூன்று ஆண்டுக்கு முன் எந்த இடத்தில் நின்று சொன்னாரோ அந்த இடத்துக்கே போய் நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சடையப்பன் சொன்னார்:

"நான் சொன்ன சொல்லு இன்னியோட முடிஞ்சுது. என் வீட்டுக்கு என்ன பேரு வைக்கணுமோ வச்சுக்கங்க."

பெயர் வைக்கிற உரிமையுள்ள பெரியதனக்காரர் செங்கோடன் வானத்தை அண்ணாந்து பார்த்து, "பேர அப்புறம் பாத்துக்கலாம். வெயில் ஏர்றதுக்குள்ள எறங்கு," என்றார்.

வண்டியில் ஏறாதவனுக்கு மலை பழைய மலையாகவே இருந்தது. இருபத்தேழாம் வளைவு இருந்தது. இருபத்தாறாம் வளைவு இருந்தது. மஞ்சள் கற்கள் தத்தம் எண்ணோடு வரிசையாக நின்றன. முப்பத்தாறு ஆண்டுகளாக அவர் உட்கார்ந்து கடந்த பாதை, செருப்பை மந்தையிலேயே விட்டு வந்த கால்களுக்கு முற்றிலும் புதிதாக இருந்தது. இருபத்தொன்றாம் வளைவில், தம் இரு கைகளும் மார்புக்கு முன்னே இல்லாத ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு வளைவுக்கேற்பத் திரும்புவதைக் கண்டு, வெட்கப்பட்டு அவற்றைப் பின்னால் கட்டிக்கொண்டார். பத்தொன்பதாம் வளைவில் சற்று நின்று, பிறகு நடந்தார். பதினான்காவதில் முனிக்குக் கும்பிடு போட்டார். பன்னிரண்டாம் வளைவுத் தேநீர்க் கடைக்காரர் கையிலிருந்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, "சடையண்ணே! தெனம் போறீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, நாந்தான் பாக்கறதே இல்ல. ஒக்காருங்க, டீ குடிங்க," என்றார். "வரும்போது குடிக்கிறேன்," என்றார் சடையப்பன். வரும்போது எப்படி வருவார் என்பது அவருக்கே தெரியாது.

பத்தாம் வளைவிலிருந்து அந்த ஓட்டுக் கூரை தெரிந்தது. அங்கே அவர் கால்கள் நின்றுவிட்டன. வண்டியென்றால் நிறுத்தவும் முடியாது, பின்னாலே பேருந்து வரும், எதிரே லாரி வரும், போயே ஆகவேண்டும்; நடக்கிறவனை யாரும் போகச் சொல்வதில்லை. அவன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், விரும்பினால் திரும்பியும் போகலாம். இந்தச் சுதந்திரம் அவருக்கு மிகுந்த அச்சத்தைத் தந்தது. ஒரு குரங்கு மதிற்சுவரில் உட்கார்ந்து அவரைக் கவனித்துக்கொண்டிருந்தது. அதன் பார்வை தாங்காமல்தான் நடந்தார் என்று பிற்காலத்தில் அவர் சொல்வதுண்டு.

ஒன்பதாம் வளைவில் வந்து, கல்லருகே நின்றார். வீட்டுக் கதவு சாத்தாமல் இருந்தது. உள்ளே பாத்திரம் உருளுகிற ஓசையும், அதற்கு ஒரு குழந்தை சிரிக்கிற ஓசையும் கேட்டன. அடிப்பதற்குக் கையில் ஹாரன் இல்லை. கைதட்டலாம் என்று கையைத் தூக்கினார், அது பிச்சைக்கு வந்தவன் செய்வதுபோலப் படவே இறக்கிக்கொண்டார். வாயைத் திறந்தார். மூன்று ஆண்டுகளாக வழங்காத அந்தப் பெயர் முதல்முறை காற்றாகவும், இரண்டாம்முறை இருமலாகவும் வந்து, மூன்றாம்முறை பெயராக வந்தது.

"தவமணீ..."

உள்ளே ஓசைகள் நின்றன. அவள் வந்து வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் அவரைப் பார்த்தாள். பிறகு அவருக்குப் பின்னால் பாதையைப் பார்த்தாள். வண்டியைக் காணாமல் மீண்டும் அவரைப் பார்த்தாள். அவருடைய வெறுங்கால்களையும், அவற்றிலிருந்த செம்மண்ணையும் பார்த்தாள். ஓட்டுநர் மகளுக்கே உரிய குரலில் கேட்டாள்:

"வண்டி நின்னுபோச்சாப்பா?"

கடம்பமலையில் வண்டி பழுதாகி நின்றவன் எந்த வீட்டுக்குள்ளும் போகலாம். பகையாளி வீடானாலும் போய்த் தண்ணீர் கேட்கலாம், சோறு கேட்கலாம், வண்டி சரியாகும்வரை பாயில் படுத்திருக்கலாம். அவனை எந்தச் சொல்லும் கட்டாது, அதற்காக அவன் வீட்டுக்கு எவரும் பெயர் வைப்பதில்லை. மலையில் பிறந்த எல்லாருக்கும் இது தெரியும். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மந்தையில் சொன்னதைக்கூட இனி ஒருவரும் நினைவில் வைத்துக்கொள்ளமாட்டார்கள். அவள் அந்த ஒரு சொல்லை அவருக்காக எடுத்து நீட்டிக்கொண்டு நின்றாள்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல," என்றார் சடையப்பன். "நல்லா ஓடுது. நாந்தான் ஒன்னப் பாக்கணும்னு வந்தேன்."

பாதையில் ஒரு லாரி ஹாரன் அடித்து, முக்கி முனகித் திரும்பி, மேலே போயிற்று. அதன் ஓசை அடுத்த வளைவு தாண்டித் தேய்கிற வரையில் இருவரும் அப்படியே நின்றார்கள். பிறகு அவள் வாசலின் ஒருபக்கமாக ஒதுங்கி, சேலைத் தலைப்பால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டு, அந்தச் செம்மண் கால்களைக் காட்டிச் சொன்னாள்:

"அந்தத் தொட்டியில காலக் கழுவிட்டு வாப்பா. இப்பத்தான் வீடு மெழுகுனேன்."